சோதனைப் பெட்டியோடு முடியும் வேலை அல்ல

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் உளவியல் பயிற்சி பெறுபவராகச் சேர்வோரின் வேலை பெரும்பாலும் குழந்தைகளுக்கு நுண்ணறிவுச் சோதனை நடத்துவதே என்று, இந்தப் பயிற்சி பற்றிய ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருக்கிறார். அந்தப் பயிற்சியை முடித்தவன் என்ற முறையில் இதை ஓரளவுக்கே ஒப்புக்கொள்ள முடிகிறது. பள்ளி உளவியலாளர்களின் தேசியச் சங்கம் வகுத்துள்ள தரநிலைப்படி பயிற்சிக் காலம் குறைந்தது 1,200 மணி நேரம். அதில் 600 மணி நேரமாவது பள்ளியில் கழிய வேண்டும். என் நேரத்தில் பெரும்பகுதியை விழுங்கியவை அறிக்கை எழுதுவதும், வகுப்பறையின் கடைசி வரிசையில் அமர்ந்து கவனிப்பதும்தான்.

ஒரு மாணவன், சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அடுக்கும் சோதனையின்போது, என் கையிலிருந்த நிறுத்துக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நேரம் முடிந்த பிறகு, யாரும் கேட்காமலே, அதே வடிவத்தைப் பிழையின்றி அடுக்கிக் காட்டினான். விதிப்படி அதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் அதை அறிக்கையில் ஒரு பத்தியாகவே எழுதச் சொன்ன என் மேற்பார்வையாளரிடம் அன்று நான் கற்றது, பாடப்புத்தகங்களில் கற்றதைவிட அதிகம்.

பெற்றோர் ஒப்புதல் அளித்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள், மாநிலம் வேறு கெடு வைத்திருந்தால் அதற்குள், குழந்தைக்குச் சிறப்புக் கல்வி தேவையா என்ற மதிப்பீட்டை முடிக்க வேண்டும் என்கிறது அந்நாட்டின் மாற்றுத்திறனாளர் கல்விச் சட்டம். 500 மாணவர்களுக்கு ஓர் உளவியலாளர் என்பது மேற்சொன்ன சங்கத்தின் பரிந்துரை. பல மாவட்டங்களில் அது எட்டாத தூரத்தில் இருப்பதால், கெடு நெருங்கும் கோப்புகள் பயிற்சி பெறுபவரின் மேசைக்கே வந்து சேர்கின்றன. கட்டுரை இதைத் தொட்டிருக்கலாம். ஊதியமே இல்லாத பயிற்சி இடங்களும் உண்டு என்பதையும் சேர்த்து.