மணலைப் பிரித்து ஏற்றலாமே, எதற்குத் தனி அனுமதி?

மின் நிலையத்துக்குப் போகும் பெரிய டிரான்ஸ்ஃபார்மரை இரண்டாக வெட்டி இரண்டு லாரியில் அனுப்ப முடியாது. அதற்கு அதிக எடை அனுமதி கொடுங்கள், வழியிலுள்ள பாலங்களைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் போகட்டும். ஆனால் மணல், ஜல்லி, நிலக்கரி? அள்ளிப் போடுவதில் இரண்டு வாளியைக் குறைத்தால் முடிந்தது. அதற்கும் லாரிக்காரர்கள் அதே அனுமதி கேட்பதுதான் உறுத்துகிறது.

"நடை குறையுமே, ரோட்டுக்கும் நல்லதுதானே" என்பார்கள் லாரி வைத்திருப்பவர்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் கதை வேறு. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாயில் இதற்கென்றே தனிச் சாலை போட்டு, ராணுவ வீரர்களை வைத்து லாரி ஓட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் நான்காம் அடுக்கு விதி. அச்சின் மேல், அதாவது இருபுறச் சக்கரங்களை இணைக்கும் தண்டின் மேல், இறங்கும் எடை கூடக் கூட, சாலைச் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் ஏறும். (கார்கள் எத்தனை ஓடினாலும் ரோடு கண்டுகொள்ளாதது இதனால்தான்.) ஓர் அச்சில் 10 டன் இருந்தது 12 ஆனால், எடை கூடியது 20 சதவீதம், சேதமோ இரண்டு மடங்கு. அந்த 10 டன்னில் வண்டியின் சொந்த எடை 3 போக, சரக்கு 7 டன் என்று வையுங்கள். 63 டன்னுக்கு 9 நடை. 12 டன்னாக்கினால் சரக்கு 9 டன், 7 நடை போதும். ஆனால் அந்த 7 நடை, பழைய கணக்கில் 14 நடைக்கு மேல் சாலையைத் தின்றுவிடும். டீசல் மிச்சம் அவர்களுக்கு, பள்ளம் நமக்கு.

சரி, அச்சைக் கூட்டினால்? அது நல்ல வழிதான், பாரம் பிரிந்து இறங்கும். ஆனால் லிஃப்ட் ஆக்ஸிலை, வேண்டாதபோது சக்கரத்தோடு மேலே தூக்கிக்கொள்ளக்கூடிய அச்சைக் கவனித்திருக்கிறீர்களா? லோடோடு போகும்போதே சிலர் அதைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். டயர் தேயாது, வளைவில் திரும்பவும் சுலபம். சோதனை நடக்கும் இடம் நெருங்கியதும் சக்கரம் மெல்லக் கீழே இறங்கும். தாளில் ஆறு அச்சு, ரோட்டில் ஐந்து. மொத்த எடையை மட்டும் காட்டும் எடைமேடைக்கு இது தெரியவே தெரியாது.

அப்புறம், பின்கதவு இடுக்கில் தண்ணீர் சொட்டி ரோட்டில் கோடு போட்டுக்கொண்டே போகும் மணல் லாரி. சொட்டுகிற தண்ணீரும் எடைதான். வாளிக் கணக்கில் ஏற்றிவிட்டால் டிரைவருக்கே எத்தனை டன் என்று தெரியாது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அனுமதி கொடுத்தே ஆகவேண்டும் என்றால் அச்சுக்கு எத்தனை டன், எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து வசூலியுங்கள். ஆண்டுக்கு ஒரே கட்டணம், எத்தனை நடை வேண்டுமானாலும் ஓட்டலாம் என்பது அநியாயம். குவாரியிலிருந்து எதிரே இருக்கும் கல் உடைக்கும் கிரஷருக்கு ரோட்டைக் கடப்பது மட்டும்தான் என்றால் நான் ஆட்சேபிக்க மாட்டேன். கடக்கிற அந்த இடத்தை அவர்கள் செலவிலேயே கான்கிரீட் போட்டுக்கொள்ளட்டும்.