சியோல் ஓடை தானாக ஊறி ஓடவில்லை

தென்கொரியத் தலைநகர் சியோலில் மேம்பாலத்தை இடித்ததும், அடியில் புதைந்திருந்த சியோங்கேசியோன் ஓடை தானாகவே பெருக்கெடுத்தது என்றொரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

2003-ல் மேம்பாலத்தை இடிக்கத் தொடங்கியதும், 2005-ல் சுமார் 5.8 கிலோமீட்டர் ஓடையைத் திறந்ததும் உண்மை. ஆனால் மழைக்காலம் தவிர அந்தப் படுகை பெரும்பாலும் வறண்டே கிடக்கும். இன்று கரைக்கற்களில் உட்கார்ந்து மக்கள் கால் நனைக்கிறார்களே, அந்தத் தண்ணீர் ஹான் ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து ஏற்றப்படுவது. சுரங்க ரயில் நிலையங்களில் ஊறும் நிலத்தடி நீரும் அதில் சேர்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 12 கோடி லிட்டர்! அந்த மின்சாரச் செலவைப் பதிவு சொல்வதே இல்லை.

இதனால் திட்டத்தின் மதிப்பு குறைந்துவிடாது. கான்கிரீட் இருந்த இடத்தில் செடிகொடிகளும் மீன்களும் வந்திருக்கின்றன. கோடையில் ஓடையோரம் பக்கத்துச் சாலையைவிடக் குளிர்ச்சியாக இருப்பதை அளந்தே காட்டியிருக்கிறார்கள்.