தாய்லாந்துக்குச் சீனர்கள் வராமல் போனது டுக்-டுக்காரரால் அல்ல

தாய்லாந்து சுற்றுலா சரிகிறது என்று செய்தி வந்தால் நம்மூரில் உடனே ஒரு தீர்ப்பு வந்துவிடும்: "போற இடத்துலெல்லாம் ஏமாத்துறான், அப்புறம் எவன் போவான்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்கோடு வைத்துப் பார்த்தால் ஒட்டவில்லை.

பாங்காக்கின் டுக்-டுக் (நம்மூர் ஆட்டோ போன்ற வண்டி), ரத்தினக் கடை ஏமாற்றுகள் பல பத்தாண்டுப் பழசு. அதே பத்தாண்டுகளில்தான் வருகை ஏறிக்கொண்டே போய் 2019இல் ஏறக்குறைய 4 கோடியைத் தொட்டது. அதில் சீனர்கள் மட்டும் சுமார் 1 கோடியே 10 லட்சம். கொரோனாவுக்குப் பிறகு மீண்டு 2024இல் மொத்தம் 3 கோடியே 55 லட்சம் வரை வந்தது, ஆனால் சீனர்கள் 67 லட்சம்தான். 2025இல் மொத்தம் 3 கோடியே 30 லட்சத்தைத் தொடவில்லை. சீனர்கள் 45 லட்சத்துக்கும் கீழே போய், முதலிடம் மலேசியாவுக்குப் போனது. ஏமாற்று அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. கூட்டம் மட்டும் ஏறி இறங்கியிருக்கிறது என்றால் காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும்.

என் கருத்து இதுதான். பணத்தைப் பிடுங்கும் ஏமாற்று ஒரு நாட்டின் வருகையைக் குறைப்பதில்லை. வருமானம் யார் கைக்குப் போகிறது என்பதைத்தான் மாற்றுகிறது. வருகையைக் குறைப்பது பயம். தாய்லாந்து அரசு முதலாவதைப் பல வருஷம் கண்டும் காணாமல் விட்டது. அந்த அலட்சியத்திலேயே இரண்டாவது வளர்ந்தது.

முதல் வகை எப்படி ஓடுகிறது என்பதை அரண்மனை வாசலில் பார்க்கலாம். பாங்காக் பெரிய அரண்மனை தினமும் காலை 8.30க்குத் திறக்கிறது, 3.30 வரை டிக்கெட் தருகிறார்கள், வெளிநாட்டவருக்கு 500 பாத் (தாய்லாந்து நாணயம்). நா ப்ரா லான் சாலையில் உள்ள வாசலுக்கு நூறு அடி முன்னாலேயே நல்ல சட்டை போட்ட ஒருவர், சில சமயம் கழுத்தில் அடையாள அட்டையோடு, சிரித்துக்கொண்டே வருவார். "இன்று பூஜை, மதியம் ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள். அதுவரை மூன்று கோயில் பார்த்துவிட்டு வாருங்கள், டுக்-டுக் வெறும் 20 பாத்." இருபது பாத்துக்கு அந்த வண்டி பாங்காக்கில் ஒரு கிலோமீட்டர்கூட ஓடாது. மிச்சத்தைத் தருவது கடைக்காரர். பயணியைக் கடைக்குள் பத்து நிமிஷம் உட்கார வைத்தாலே ஓட்டுநருக்குப் பெட்ரோல் கூப்பன், வாங்கிவிட்டால் அதற்கு மேல் கமிஷன். நடுவில் நிறுத்தும் ஏதோ ஒரு சிறு கோயிலில் இன்னொருவர் தற்செயலாகப் பேச்சுக் கொடுப்பார்: "நான் போன மாதம் வாங்கியதை ஊரில் இரண்டு மடங்குக்கு விற்றேன். இன்றுதான் அரசு வரி விலக்கின் கடைசி நாள்." அவரும் அதே கூட்டம். கடையில் கிடைப்பது சூடேற்றி நிறம் கூட்டிய மட்டமான நீலக்கல். பிளாஸ்டிக்கில் சீல் வைத்துக் கொடுத்து, பிரித்தால் உத்தரவாதம் போய்விடும் என்பார்கள். ஊரில் நகை மதிப்பீட்டாளரிடம் கொண்டுபோகும்வரை விஷயம் வெளியே வராது, வரும்போது ஆள் மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பார்.

தாய் அரசுக்கு ரத்தினக் கடை கிடையாது. வரி விலக்கு நாள் என்று ஒன்றும் கிடையாது. உண்மையில் இருப்பது 7 சதவீத மதிப்புக்கூட்டு வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறும் வசதி. அதற்குச் சேர்ந்த கடையில் ஒரே நாளில் குறைந்தது 2,000 பாத்துக்கு வாங்கி, அங்கேயே படிவம் பெற்று, விமான நிலையத்தில் காட்ட வேண்டும். எல்லா நாளும் அதே விதிதான்.

இதில் ஓட்டுநரை மட்டும் திட்டுவதில் அர்த்தமில்லை. பாங்காக் டாக்சியில் மீட்டர் 1992இல் வந்தபோது தொடக்கக் கட்டணம் 35 பாத். சின்ன டாக்சிக்கு இன்றும் அதே 35. கிலோமீட்டர் விலையை இடையில் கொஞ்சம் ஏற்றினார்கள், அவ்வளவுதான். பலர் வாடகை டாக்சி ஓட்டுபவர்கள். வண்டி வாடகையும் எரிபொருளும் போகத்தான் கையில் காசு. நெரிசலில் மீட்டர் போட்டு ஓட்டினால் கட்டுப்படியாகாத இடத்தில்தான் "மீட்டர் இல்லை, 400" என்ற பேச்சு பிறக்கிறது. தவறுதான், ஆனால் அதற்கான தூண்டுதலை அரசின் கட்டணப் பட்டியலே தருகிறது. (பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு: டாக்சிக்கு மீட்டரோடு 50 பாத் விமான நிலையக் கட்டணமும் சாலைச் சுங்கமும் சேர்வது முறையானதே, அதைப் பார்த்துச் சண்டை போடாதீர்கள். தனியாளாக இருந்தால் விமான நிலைய ரயிலில் நகருக்குள் பாயா தாய் நிலையம் வரை 45 பாத்.)

பட்டோங், பட்டாயா கடற்கரைகளின் ஜெட் ஸ்கீ (நீரில் ஓடும் ஸ்கூட்டர்) வேறு ரகம். ஏற்கெனவே இருக்கும் கீறலைக் காட்டிப் பல்லாயிரம் பாத் கேட்பார்கள், பாஸ்போர்ட்டை முன்பே வாங்கி வைத்திருப்பார்கள். ஏறும் முன் அடிப்பாகம் உட்பட வீடியோ எடுக்க விடாதவரிடம் வாடகைக்கு எடுக்காதீர்கள், பாஸ்போர்ட்டை யாரிடமும் அடகு வைக்காதீர்கள். ஸ்கூட்டருக்கும் இதே விதி. கூடவே பைக் வகை குறித்த சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் ஓட்டி விழுந்தால் பயணக் காப்பீடு கையை விரித்துவிடும்.

இவையெல்லாம் சில்லறை வியாபாரம். மொத்த வியாபாரம் 'ஜீரோ டாலர் டூர்'.

அதன் கணக்கு இப்படி. சீனாவில் இருக்கும் ஏஜென்சி, விமான டிக்கெட்டும் ஹோட்டலும் சேர்ந்த அடக்க விலைக்கும் கீழே ஐந்து நாள் பயணத்தை விற்கும். தாய்லாந்தில் குழுவை ஏற்கும் ஆபரேட்டருக்கு ஒரு காசும் வராது. சில நேரம் தலைக்கு இவ்வளவு என்று அவரே ஏஜென்சிக்குக் கொடுத்துக் குழுவை வாங்குவார். அதாவது குழு இறங்கும்போதே அவர் நஷ்டத்தில் நிற்கிறார். அந்த நஷ்டம் அப்படியே கைடின் தலையில் இறங்கும். கைடுக்குச் சம்பளம் கிடையாது, கடைக் கமிஷன்தான். எனவே பேருந்து லேடெக்ஸ் தலையணைக் கடை, உண்ணும் பறவைக்கூடு விற்கும் கடை, தோல் கடை, ரத்தினக் கடை என்று போகும். இந்தக் கடைகள் தெருவில் போகிறவருக்குத் திறந்திருக்காது, குழுவுக்கு மட்டும். விலை வெளியே கிடைப்பதைவிடப் பல மடங்கு. குழு வாங்கவில்லை என்றால் கைடு கைக்காசை இழக்கிறார். பேருந்துக்குள் பயணிகளைக் கைடு திட்டும் வீடியோக்கள் பரவுவதன் பின்னணி இதுதான்.

இன்னும் ஒரு அடுக்கு இருக்கிறது. தாய் சட்டப்படி கைடு வேலை தாய்க் குடிமக்களுக்கு மட்டும் உரியது. 1999ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் தொழில் சட்டமும் பெரும்பாலான சேவைத் தொழில்களில் உள்ளூர்ப் பங்கு பாதிக்கு மேல் இருக்கவேண்டும் என்கிறது. நடைமுறையில் உரிமம் உள்ள தாய்க்காரர் முன் இருக்கையில் சும்மா உட்கார்ந்து வருவார், பேசுவது சீனர். இவரை 'உட்காரும் கைடு' என்றே சொல்வார்கள். கம்பெனிப் பதிவில் பினாமி பங்குதாரர். பேருந்து, உணவகம், கடை எல்லாம் ஒரே சங்கிலி, பணம் சீனச் செயலியில் செலுத்தப்பட்டுச் சீனாவிலேயே சுற்றும். வருகைப் பதிவேட்டில் ஒரு தலை கூடும். நாட்டில் மிஞ்சுவது பேருந்துப் புகையும் கோயில் வாசல் நெரிசலும்.

சீனா 2013 அக்டோபரில் அமலுக்கு வந்த தன் சுற்றுலாச் சட்டத்தில் இதைத் தடுத்தது. தாய்லாந்து 2016இல் பெரிய சோதனை நடத்தி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பேருந்துகளைப் பறிமுதல் செய்தது. அந்த ஆண்டுக் கடைசி மாதங்களில் சீன வருகை சட்டென்று விழுந்தது. சரியான மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அறிகுறி என்பேன். ஆனால் ஹோட்டல்காரர்கள் கூச்சலிட்டார்கள், எண்ணிக்கையை மீட்கும் சலுகைகள் வந்தன, பழைய வடிவம் புதிய பெயர்ப்பலகையோடு திரும்பியது. 2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே 'ஃபீனிக்ஸ்' படகு கவிழ்ந்து 47 சீனர்கள் இறந்தார்கள். தாய்லாந்தின் அப்போதைய துணைப் பிரதமர், சீனர்கள் சீனர்களுக்குச் செய்துகொண்டது என்ற பொருளில் பேசினார். பினாமி முதலாளி விஷயத்தில் அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் அந்தப் படகைக் கடலுக்கு விட்டது தாய் அதிகாரிகள் என்பதை விட்டுவிட்டார். சீனாவில் அது காயமாகவே நின்றது.

இங்கேதான் சந்தை மாறியதைக் கவனிக்க வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு வரும் சீனர் பெரும்பாலும் பேருந்துக் குழுவில் வருபவர் அல்ல. இளைஞர், குடும்பம், தானே டிக்கெட் போட்டு வருபவர், சமூக ஊடகத்தில் பத்துப் பதிவு படித்துவிட்டு முடிவெடுப்பவர். பேருந்துக் குழுவை விலையால் இழுக்கலாம். இவரை இழுப்பதும் விரட்டுவதும் அவர் கைப்பேசியில் அன்றைக்கு ஓடும் செய்தி. 2023 செப்டம்பர் 25 முதல் சீனர்களுக்கு விசா தேவையில்லை என்றார்கள். எட்டே நாளில், அக்டோபர் 3 அன்று, பாங்காக்கின் சியாம் பாரகான் வணிக வளாகத்தில் துப்பாக்கிச்சூடு, இறந்தவர்களில் ஒரு சீனப் பயணி. 2025 ஜனவரியில் நடிகர் வாங் சிங் படப்பிடிப்பு வேலை என்ற பொய்யை நம்பி பாங்காக்கில் இறங்கி, மே சோட் எல்லை வழியாக மியான்மரின் மியாவடியில் உள்ள இணைய மோசடி முகாமுக்குக் கடத்தப்பட்டார். சில நாளில் மீட்டார்கள். ஆனால் மொட்டையடித்த தலையோடு அவர் நின்ற படம் சீனா முழுக்கப் போனது. அடுத்த மாதமே தாய்லாந்து, அத்தகைய முகாம்களை முடக்க, எல்லை தாண்டிய ஐந்து இடங்களுக்கு மின்சாரத்தை வெட்டியது. அதை மூன்று வருஷம் முன்பே செய்திருக்கலாமே என்ற கேள்விக்குப் பதில் இல்லை. மார்ச் 28 நிலநடுக்கத்தில் பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த அரசு தணிக்கை அலுவலகக் கட்டடம் இடிந்தது, ஜூலையில் கம்போடியா எல்லைச் சண்டை. சீனப் பொருளாதார மந்தமும் பாத்தின் ஏற்றமும் சேர்ந்துகொண்டன என்பது உண்மை. ஆனால் அதே 2025இல் வியட்நாமுக்கு 50 லட்சத்துக்கும் அதிகமான சீனர்கள் போனார்கள். பயணத்தையே நிறுத்திவிடவில்லை, இடத்தை மாற்றிக்கொண்டார்கள்.

இழந்த இடத்தை மலேசியர், இந்தியர், ரஷ்யர் நிரப்புகிறார்கள் என்று சுற்றுலா அமைச்சு ஆறுதல் சொல்கிறது. ஒரு தலைக்கு ஒரு தலை சமமில்லை. மலேசியர் பலர் சாலை வழியே எல்லை தாண்டித் தெற்கு நகரமான ஹாட் யாயில் இரண்டு இரவு தங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புபவர்கள். ரஷ்யர் புக்கெட்டிலும் பட்டாயாவிலும் வாரக்கணக்கில் தங்குவார்கள், செலவும் அங்கேயே குவியும். வடக்கே சியாங் மாயில் குழுக்களை நம்பியிருக்கும் ஹோட்டல்காரருக்கு இந்த இருவராலும் பெரிய லாபமில்லை.

அடுத்தது நாம். 2023 நவம்பர் 10 முதல் இந்தியர்களுக்கு விசா விலக்கு, 2024 ஜூலையில் அது 60 நாள் ஆனது. 2024இல் 21 லட்சம், 2025இல் ஏறக்குறைய 25 லட்சம் பேர். சென்னையிலிருந்து மூன்றரை மணி நேரத்தில் பாங்காக். பட்டாயா இரண்டு இரவு, பாங்காக் இரண்டு இரவு என்ற பேக்கேஜ் இப்போது கொடைக்கானல் விலைக்குப் பக்கத்தில் விற்கிறது. அந்த விலை எப்படிக் கட்டுப்படியாகிறது என்று யாரும் கேட்பதில்லை. சீனக் குழுக்களுக்காகக் கட்டிய அதே பொறிதான், பல்லை மட்டும் நமக்கேற்ப மாற்றியிருக்கிறார்கள். நம்மவர்கள் லேடெக்ஸ் தலையணை வாங்க மாட்டார்கள், பேரம் பேசுவார்கள். ஆகவே பணம் வருவது 'கூடுதல் விருப்பம்' வழியாக. பட்டாயா 'கோரல் ஐலண்ட்' டூரில் ஸ்பீட் போட் தீவுக்குப் போகும் வழியில் மிதக்கும் மேடையில் நிற்கும். பாராசெயிலிங் ஒரு சுற்று, கடலடி நடை, படம், வீடியோ. ஏறாதவரும் முக்கால் மணி நேரம் அங்கேயே வெயிலில் காத்திருக்க வேண்டும், இறங்கிப் போக வழியில்லை. அந்தத் தீவின் பெயர் கோ லார்ன். பாலி ஹாய் துறையிலிருந்து பொதுப் படகில் 30 பாத், முக்கால் மணி நேரப் பயணம்.

பாங்காக் 'சிட்டி டூர்' என்றால் அரை நாள், அதில் கணிசமான நேரம் ரத்தினக் காட்சியகத்தில். நகர்ச்சுற்றில் உள்ளே போய்ப் பார்க்கும் இடம் எது, வெளியிலிருந்து காட்டும் இடம் எது, கடை நிறுத்தம் எத்தனை என்று எழுத்தில் கேளுங்கள். எஸ்.ஐ.சி. என்று போட்டிருந்தால் அது பலருடன் பகிரும் வண்டி, ஹோட்டல் ஹோட்டலாக ஆள் ஏற்றுவதிலேயே ஒரு மணி நேரம் போகும். கோயில் நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா என்பதும் முக்கியம்: வாட் போ மட்டும் தலைக்கு 300 பாத். (தாய்க்காரருக்கு இலவசம். இந்த இரட்டை விலையை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், பலகையில் எழுதி வாங்குகிறார்கள்.) 2025 மே 1 முதல் வெளிநாட்டவர் எல்லோரும் நிரப்ப வேண்டிய டிஜிட்டல் வருகை அட்டை முற்றிலும் இலவசம், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் போட வேண்டும். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத் தளங்கள் டாலரில் காசு வாங்குவதோடு பாஸ்போர்ட் விவரத்தையும் எடுத்துக்கொள்ளும். go.th என்று முடியும் குடியேற்றத் துறை முகவரியில் மட்டும் நிரப்புங்கள்.

தாய்லாந்தால் முடியாது என்றில்லை. ஏமாந்தவர் நாலு நாளில் விமானம் ஏறிவிடுவார், சாட்சி இல்லாமல் வழக்கு செத்துவிடும் என்பதே எல்லாச் சில்லறை ஏமாற்றின் மூலதனம். அதைப் புரிந்துகொண்டுதான் 2013இல் பட்டாயாவில் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே நீதிமன்றப் பிரிவு திறந்தார்கள். சுற்றுலாப் போலீஸ் எண் 1155 நாள் முழுக்க இயங்குகிறது. ஜெட் ஸ்கீ கரையில் நின்று அந்த எண்ணை அழைத்தாலே பல நேரம் கேட்ட தொகை இறங்கிவிடும். கருவிகள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அமைச்சர் அறிவிக்கும் இலக்கில் முதலில் நிற்பது தலை எண்ணிக்கை. வெளிநாட்டவரிடம் 300 பாத் வாங்கிக் காப்பீட்டுக்கும் பராமரிப்புக்கும் செலவிடும் திட்டம், கூட்டம் குறைந்துவிடும் என்ற அச்சத்தில் வருஷா வருஷம் தள்ளிப்போகிறது. தங்கும் இரவுகளையும் உள்ளூரில் மிஞ்சும் பணத்தையும் இலக்காக வைத்தால் பினாமி ஆபரேட்டர் முதல் மாதமே கணக்கில் மாட்டுவார். தலையை எண்ணும்வரை அவர்தான் அமைச்சகத்தின் சிறந்த விற்பனையாளர்.

வியட்நாம் 2025இல் 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. குழுவுக்கு மட்டும் திறக்கும் கடைகள் ஹா லாங், நா ட்ராங் பக்கம் கொரோனாவுக்கு முன்பே முளைத்தவைதான். அங்கும் ஒவ்வொரு மாதமும் முதலில் அறிவிப்பது எத்தனை பேர் வந்தார்கள் என்பதையே.