மன்றோவின் வீட்டுக் கடிதங்களைச் சாட்சிக்கு இழுக்கும் நண்பர்களுக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி உள்ளூர் வரலாறு எழுதுகிறவர்கள் பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ தன் தகப்பனாருக்கும் சகோதரிக்கும் எழுதிய கடிதங்களையும், கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அனுப்பிய அறிக்கைகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். வீட்டுக் கடிதம் அருமையான சாட்சிதான். ஆனால் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்கக் கூடாது.

1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால், அதாவது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதி, திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு வந்தது. கலெக்டர் அலெக்சாண்டர் ரீடு. அவருக்குக் கீழே மன்றோ, மெக்லியோட், கிரஹாம். எல்லாருமே பட்டாளத்துக்காரர்கள். நிலத்தை அளந்து, தரம் பிரித்து, தீர்வை (நிலவரி) போட்டார்கள். மன்றோ தருமபுரியில் இருந்தார். 1799இல் மேற்குக் கடற்கரையிலுள்ள கனராவுக்குப் போனார்.

முதலில் தேதியைப் பாருங்கள். அன்று கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகவே ஐந்தாறு மாதம் ஆகும். பதில் கைக்கு வர ஒரு வருடம். ஆகவே ஒரே கடிதத்தில் தருமபுரி மழை இந்த மாதத்துச் செய்தி, ஐரோப்பியப் போரோ போன வருடத்துச் செய்தி. எழுதிய நாள், எழுதிய ஊர், கிடைத்த நாள், எந்தக் கடிதத்துக்குப் பதில் என நான்கு கட்டம் போட்டுக் குறியுங்கள். கப்பல் மூழ்கலாம் என்று ஒரே கடிதத்தை இரண்டு கப்பலில் அனுப்புவதும் உண்டு. இரண்டு பிரதியும் தப்பிவிட்டால் இரண்டு கடிதமாக எண்ணிவிடுவோம்.

அடுத்து, யாருக்கு எழுதியது? சகோதரியிடம் தன்னையே கிண்டலடிக்கிற வரியை வைத்து நிர்வாகத்தை எடை போடாதீர்கள். அறிக்கையில் வராகன் (அக்காலப் பொற்காசு) கணக்கும் சாகுபடிப் பரப்பும்தான் இருக்கும். அளக்கிறவனின் அலுப்பு வீட்டுக் கடிதத்தில்தான் வரும். நாம் படிப்பது பெரும்பாலும் 1830இல், அவர் இறந்து மூன்று வருடம் கழித்து அச்சான தொகுப்பிலிருந்து. ஆட்களின் பெயரை முதலெழுத்தும் கோடுமாகச் சுருக்குவது அக்காலப் பழக்கம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதே முறை நம் வீட்டுப் பரணுக்கும் பொருந்தும். சர்வே வேலைக்கு வெளியூர் போன கொள்ளுத்தாத்தாவின் பட்டாவைப் பெட்டியில் பூட்டுகிறோம், கடிதக்கட்டைக் கரையானுக்குக் கொடுக்கிறோம். என்னைக் கேட்டால் இது அநியாயம். பட்டா நகல் தாலுகா அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம், கடிதத்துக்கு நகல் ஏது?

1854 அஞ்சல் கட்டணப்படி கால் தோலாவுக்கு, அதாவது மூன்று கிராமுக்கும் குறைவான கடிதத்துக்கு, அரையணா. அதனால்தான் மெல்லிய தாள், இரு பக்கமும் நெருக்கமான எழுத்து. இரும்பு உப்பு கலந்து செய்த பழைய மை தாளை அரிக்கும். மடிப்பில் முதலில் கிழியும். செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். புற ஊதா வெளிச்சத்தில் படமெடுத்தால் வெளுத்த எழுத்தும் ஓரளவு தெரியும்.

முகவரிப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் கட்டாயம் படமெடுங்கள். அனுப்பிய ஊர் முத்திரை, சேர்ந்த ஊர் முத்திரை இரண்டும் அங்கேதான். கொள்ளுத்தாத்தாவின் கேம்ப் மாறியிருந்தால் அவருக்கு வந்த கடிதம் புது ஊருக்கு அனுப்பப்பட்டு இன்னும் ஓரிரு முத்திரை விழுந்திருக்கும். அவற்றைத் தேதிவாரியாக அடுக்கினால் அவர் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு நகர்ந்தார் என்ற வரிசை கிடைக்கும். பிறகு அந்தக் கிராமங்களின் சர்வே பதிவேட்டுத் தேதிகளோடு ஒத்துப் பாருங்கள்.