தயிர்சாதம் கேட்டால் என்ன தப்பு?

இரண்டு நாளாக எல்லோர் டைம்லைனிலும் ஓடுகிற சண்டைதான், முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. பயண வீடியோ போடும் நம் ஐரோப்பா நிபுணரிடம் ஒரு பெண் கேட்டது இரண்டே கேள்வி. அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, சுவிட்சர்லாந்தின் பனிமலையான யுங்ஃப்ராவ்யோக் மேலே அழைத்துப் போகலாமா? அம்மா சுத்த சைவம், அங்கே தயிர்சாதம் மாதிரி ஏதாவது கிடைக்குமா? முதல் கேள்வியை அவர் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு, "தயிர்சாதத்துக்கு மயிலாப்பூர் போதுமே, ஐரோப்பா எதற்கு?" என்றார். கீழே வரிசையாகச் சிரிப்பு.

சிரித்தவர்களில் என் நண்பர்களும் இருக்கிறார்கள். சரி.

நான் சொல்வது ஒன்றுதான். போகிறவர் யார் என்று கேட்காமல் யோசனை சொல்கிறவரை நம்பிப் பயணம் போடாதீர்கள். அவர் நாற்பது நாடு பார்த்திருக்கட்டும். நாற்பதும் அவருடைய முழங்காலோடும் அவருடைய இதயத்தோடும் பார்த்தது.

அந்த முதல் கேள்வி எவ்வளவு சரியான கேள்வி! யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம் இருப்பது 3454 மீட்டரில். நம் தொட்டபெட்டா சிகரமே 2637. கீழே மலையடிவாரத்து ஊரான இன்டர்லாக்கன் 570 மீட்டர் வாக்கில். அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் மேலே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். உடம்பு பழக நேரமே கிடையாது. கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே. அந்த அப்பா போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை, அதை அவருடைய டாக்டர் சொல்லட்டும். "டாக்டரிடம் உயரத்தைச் சொல்லிக் கேளுங்கள், வேண்டாம் என்றால் ம்யூரன் போங்கள், 1638 மீட்டர்தான், கார் நுழையாத ஊர், எதிரே அதே பனிமலைகள்" என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ம்யூரன் வரை, சுற்றுலாப் பயணிகள் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து வாங்கும் ஸ்விஸ் டிராவல் பாஸிலேயே போகலாம். யுங்ஃப்ராவ்யோக்குக்கு அந்தப் பாஸ் முழுதாகச் செல்லாது, மலை ஏறும் பகுதிக்குத் தள்ளுபடி மட்டும்தான். மேகம் மூடிவிட்டால் கொடுத்த காசுக்கு வெள்ளைச் சுவர்தான் தெரியும். காலையில் மலை உச்சியின் நேரலை கேமராவைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள் என்று அந்த ஊர்க்காரர்களே சொல்வார்கள். நம் நிபுணர் வீடியோவில் இது எதுவும் இல்லை. டிரோன் இருக்கிறது, பின்னணி இசை இருக்கிறது.

சாப்பாட்டுக்கு வருவோம். அந்த மலைமேலேயே இந்தியச் சாப்பாட்டுக்கென்று ஓர் உணவகம் வைத்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் படமெடுத்த இந்தி இயக்குநர் யஷ் சோப்ராவுக்கு இன்டர்லாக்கனில் 2016-ல் சிலையே வைத்தார்கள். நம் ஆட்கள் வருகிறார்கள், பசிக்கும் என்பது சுவிஸ்காரனுக்குப் புரிகிறது. மயிலாப்பூரைக் கிண்டல் செய்கிறவருக்குத்தான் புரியவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். இத்தாலியில் சிங்க்வே தெர்ரேக்கு அம்மாவை அழைத்துப் போனேன், இப்படிப்பட்ட ஒருவர் போட்டுக் கொடுத்த திட்டத்தை வைத்துக்கொண்டு. "ஐந்து கிராமம், ஒரே நாள், ரயிலில் ஊருக்கு ஊர் சில நிமிடம்." ரயில் கணக்கு சரிதான். ஆனால் கொர்னீலியா ஊர் குன்றின் மேலே இருக்கிறது, ஸ்டேஷன் கீழே. நடுவில் செங்கல் படிகள், திருப்பம் திருப்பமாக, கிட்டத்தட்ட 380. அம்மா இரண்டாவது திருப்பத்திலேயே கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, "நீ போய்ப் பார்த்துட்டு வா கண்ணு, நான் இங்கேயே இருக்கேன்" என்றார். ஸ்டேஷன் வாசலிலிருந்து மேலே ஒரு சின்ன பஸ் போகிறது! காய்கறிப் பையோடு ஓர் இத்தாலியப் பாட்டி அதில் ஏறுவதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. பின்னால் திட்டம் போட்டுக் கொடுத்தவரிடம் கேட்டேன். "படி ஏறுவதுதானே அனுபவம்" என்றார்.

அனுபவமாம்.

"இலவசமாகச் சொல்கிறவரிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா?" என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டார். இலவசமா? வீடியோவுக்குக் கீழே இருக்கும் ஹோட்டல் லிங்க் எல்லாம் தர்மத்துக்கா? நம் நிபுணருடைய குழுப் பயண விளம்பரத்தைப் போய்ப் பாருங்கள்: "தென்னிந்திய உணவு உண்டு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

"அப்போ யாரையுமே நம்பக்கூடாதா?" நம்புங்கள். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும் என்றால் நம்புங்கள். மிலானில் டா வின்சியின் 'கடைசி விருந்து' ஓவியத்துக்கு 15 நிமிடம்தான் விடுவார்கள், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள் என்றால் நம்புங்கள். ஃபிளாரன்ஸ் நடுவூருக்குள் அனுமதி இல்லாமல் வாடகைக் காரை ஓட்டினால் பல மாதம் கழித்து வீட்டுக்கே அபராதம் வரும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்புங்கள். இதெல்லாம் சரிபார்க்க முடிந்த விஷயம். "கட்டாயம் பார்க்க வேண்டிய இடம்" என்று ஒருவர் சொன்னால் மட்டும், யாருக்குக் கட்டாயம் என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்பட்டால் அவருக்குப் பதில் தெரியாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பொறாமை என்கிறீர்கள். இருக்கட்டும். வாழ்நாளெல்லாம் சேமித்து, பிஎஃப் பணத்தை எடுத்து, விசாவுக்காக வங்கிக் கணக்கு விவரம் முழுவதையும் யாரிடமோ காட்டி, அறுபது வயதுக்கு மேல் முதல்முறையாக விமானம் ஏறுகிற மனிதர்கள் இந்த அப்பா அம்மாக்கள். அவர்களுக்குப் பசிக்கும், மூச்சு வாங்கும், கழிப்பறை தேட வேண்டியிருக்கும். அதைக் கேட்பது அசிங்கம் என்று எப்போது முடிவு செய்தோம்? முதுகுப்பை மாட்டியவன்தான் பயணி, டப்பாவில் புளிக்காய்ச்சல் கொண்டுபோகிறவர் கேலிப்பொருள் என்று யார் சொன்னது? என் அம்மாவும்தான் கொண்டுபோனார். ஓட்டல் அறையில் பிரெட்டில் தடவிச் சாப்பிட்டோம், அருமையாக இருந்தது.

அந்தப் பெண் இன்று காலை தன் கேள்வியை நீக்கிவிட்டார். அதற்கும் ஒருத்தர் "ரொம்ப சென்சிட்டிவ் போல" என்று எழுதியிருக்கிறார். அவரை நான் பிளாக் செய்துவிட்டேன்.