விதேப்ஸ்க் எங்கே போயிற்று?
நீங்கள் எழுதிய வாழ்க்கை வரலாற்றில், லிதுவேனியாவின் சான்சலராக (அரசின் உயர் அமைச்சராக) இருந்த லெவ் சபியேகாவை 'சமரசவாதி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! அவர் முன்னின்று கொண்டுவந்த லிதுவேனியாவின் 1588 சட்டத் தொகுப்பு பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. 1840 வரை தாக்குப்பிடித்த சட்டமாயிற்றே. ஆனால் மனிதர் யார் என்று தெரிவது, இன்று பெலாரஸில் இருக்கும் விதேப்ஸ்க் நகரத்து விவகாரத்தில். ஆர்த்தடாக்ஸ் மக்களைக் கெடுபிடி செய்து ஐக்கியத் திருச்சபைக்கு (கிழக்கு வழிபாட்டு முறையை விடாமல் போப்பின் தலைமையை ஏற்ற சபை) இழுக்க வேண்டாம் என்று 1622இல் அச்சபையின் பேராயர் யோசபாத்துக்குக் காட்டமாகக் கடிதம் எழுதியவரே இவர்தான். மறுவருடம் விதேப்ஸ்க் நகரத்தார் பேராயரைக் கொன்றுவிட்டார்கள். விசாரிக்கப் போனது யார்? இதே சபியேகா! பலருக்கு மரண தண்டனை, நகரத்தின் தன்னாட்சி உரிமை பறிப்பு. ஆலய மணிகளைக்கூட விட்டுவைக்கவில்லை. இத்தனைக்கும் அவரே ஆர்த்தடாக்ஸாகப் பிறந்து, கால்வினியராகி (புராட்டஸ்டன்ட் பிரிவு), பிறகு கத்தோலிக்கரானவர். இதைச் சேர்க்காமல் வாழ்க்கை வரலாறா?