ஊர்ப்புற நூலகத்தின் பணி நாளிதழோடு முடிவதில்லை

கைப்பேசி பரவியபின் ஊர்ப்புற நூலகங்கள் நாளிதழ் புரட்டும் இடங்களாகச் சுருங்கிவிட்டன, அவற்றை மூடலாமா என்று அண்மையில் ஒரு கட்டுரையில் கட்டுரையாளர் கேட்டிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. எங்கள் ஊர் நூலகத்தின் நீண்ட மேசையில் மாலை வேளைகளில் இடம் கிடைப்பதே அரிது. வீட்டில் தனியறையோ அமைதியோ வாய்க்காத இளைஞர்கள், குறிப்பாகப் பெண்கள், அரசுப் பணிக்கான தொகுதி 4 தேர்வுக்காக அங்கேதான் படிக்கிறார்கள். பலர் கைபட்டு முதுகு பிரிந்துபோன பழைய பள்ளிப் பாடநூல்களை நூலகரே ஊசி நூலால் தைத்து, பழுப்புத்தாள் அட்டையிட்டு அடுக்கி வைத்திருக்கிறார். வாசகர் வட்டக் கூட்டமும், கோடை விடுமுறையில் சிறுவர்களுக்கான கதைசொல்லலும் அதே ஒற்றை அறையில்தான் நடைபெறுகின்றன.

1931-இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுசென்ற மரபு நம்முடையது. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியுடன் நூலக வரியையும் நாம் செலுத்தி வருகிறோம். தற்போது அது சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. ஆகவே நூலகச் சேவை எவரும் மனமிரங்கி அளிக்கும் சலுகையன்று. வசூலான அத்தொகையை உள்ளாட்சி அமைப்புகள் நூலக ஆணைக்குழுவிடம் காலம் தாழ்த்தாமல் ஒப்படைத்தால், புதிய நூல்கள் வாங்கவும், கூலி வேலை முடித்துத் திரும்புவோரும் வந்து படிக்கும்படி இரவு 8 மணி வரை நூலகத்தைத் திறந்து வைக்கவும் வழி பிறக்கும். மூடலாமா என்று கேட்பதற்கு முன், அத்தொகை காலத்தோடு போய்ச் சேர்கிறதா என்று கட்டுரையாளர் கேட்டிருக்க வேண்டும்.